ஒளித்து வைக்காத புதையல்: தபால் வழியே ஒரு குடும்பத் தேடல்

குடாநாட்டுத் தடங்கள் – 11

ஒரு நகரத்தின் தெருக்களையே ஆடுகளமாகக் கொண்டு, ஒரு குறிப்பு அடுத்த இடத்தைக் காட்ட, அங்கு கிடைக்கும் விடை அதற்கடுத்த குறிப்பை அவிழ்க்க, இறுதி இடம்வரை குழுவாகச் சென்று சேரும் விளையாட்டு புதையல் வேட்டை எனப்படுகிறது. பெரியவர்களின் நினைவும் சிறுவர்களின் கண்கூர்மையும் ஒருங்கே தேவைப்படுவதால் குடும்பங்களுக்கு மிகவும் பொருந்தும் இவ்விளையாட்டை, தபாற் சேவையின் வரலாற்றைக் கருவாகக் கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் அமைப்பதாயின் அது எந்த வடிவத்தைப் பெறும் என்பதே இப்பகுதியில் ஆராயப்படுகிறது. புதையல் தேடுதல் என்றதும் இலங்கை வாசகருக்கு நினைவுக்கு வருவது, பழைய விகாரைகளின் அருகிலும் காடுகளிலும் இரவில் தோண்டிக் கைதானவர்களைப் பற்றிய செய்திகளே ஆகும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் தேடி அனுமதியின்றி அகழ்வது தண்டனைக்குரிய குற்றம். ஆதலால் இங்கு தேடல் என்ற சொல்லே ஆளப்படுகிறது. இந்தத் தேடலில் எதையும் தோண்ட வேண்டியதில்லை.

தபாலையும் தேடலையும் இணைத்த விளையாட்டு இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் என்னும் மேட்டுநிலத்திற் பிறந்தது. அங்கு வழிகாட்டியாகத் தொழில் செய்த ஜேம்ஸ் பெரற் என்பவர், நடந்து மட்டுமே சென்றடையக்கூடிய கிரான்மியர் குட்டையருகே 1854ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்து, அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவர்கள் தமது பெயரட்டையை அதற்குள் இட்டுச் செல்லும் வழக்கத்தைத் தொடக்கினார். பின்வந்தோர் போத்தலுக்குப் பதிலாகப் பெட்டியை வைத்தனர். முகவரி எழுதிய தபாலட்டைகளை அதற்குள் விட்டுச் சென்றனர். அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று ஊரிலுள்ள தபாற்பெட்டியிற் சேர்ப்பது எழுதாத விதியாயிற்று. யாரென்று தெரியாத ஒருவரை நம்பிக் கடிதத்தை ஒப்படைத்தல் என்னும் தபாற் சேவையின் அடிப்படையே இவ்விளையாட்டுக்கும் அடிப்படையாயிற்று எனலாம். காலப்போக்கில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு றப்பர் முத்திரையும் ஒரு குறிப்பேடும் வைக்கப்பட்டன. தேடி வந்தவர் அம்முத்திரையைத் தமது ஏட்டிற் பதித்துக்கொண்டு, தமது முத்திரையை அங்குள்ள ஏட்டிற் பதித்துத் திரும்புவார். செய்மதி வழியாக இடமறியும் கருவிகளின் துல்லியம் பொதுமக்களுக்கும் கிடைத்த 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திற் தொடங்கிய ஜியோகாச்சிங் என்னும் உலகளாவிய விளையாட்டு, ஒளித்த பெட்டியையும் ஏட்டில் ஒப்பமிடுதலையும் கொண்டிருப்பதால், இதன் இளைய உறவாகக் கருதத்தக்கது.

டார்ட்மூரின் வழக்கத்தை அவ்வாறே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருதல் தகாது. புதரிலும் கற்குவியலிலும் கைவிட்டுப் பெட்டி தேடும் பழக்கத்தை, மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடைபெற்ற மண்ணிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இயலாது. இனந்தெரியாத பொருளைத் தொடாதே என்பதுதான் வடபகுதிப் பாடசாலைகளிற் பல ஆண்டுகள் கற்பிக்கப்பட்டு வந்த பாடம். ஆகவே குடாநாட்டுத் தேடலின் முதல் விதி எதையும் ஒளித்து வைக்கக் கூடாது என்பதாகும். குறிப்புகள் யாவும் எல்லோர் கண்ணிலும் படும் இடங்களில், பெயர்ப்பலகையிலும் கட்டடத்திலும் கடித உறையிலும் இருத்தல் வேண்டும். இக்கட்டுப்பாடு விளையாட்டின் சுவையைக் குறைத்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை, ஏனெனில் குடாநாட்டின் முகவரிகளே விடுகதைகளாக அமைந்தவை.

வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் கொண்ட முகவரி நகர எல்லைக்குள்ளேயே பெரிதும் வழங்கியது. ஊர்ப்புறங்களில் ஆளின் பெயர், அவர் வாழும் அயல், ஊரின் எத்திசைப் பகுதி, கடிதத்தை விநியோகிக்கும் தபாற் கந்தோர் என்ற வரிசையில் முகவரி எழுதப்பட்டது. கந்தோர் என்பது ஒல்லாந்தர் காலத்திலிருந்து இலங்கைத் தமிழில் நிலைத்துவிட்ட அலுவலகப் பெயர். ஏழாலை மேற்கு, கோண்டாவில் கிழக்கு, அளவெட்டி தெற்கு எனத் திசை ஊரோடு ஒட்டி நிற்கும். அதற்கு மேல்வரியில் கோவிலடி, சந்தி, மடத்தடி, புளியடி, ஆலடி என ஏதேனும் ஓர் அடையாளம் வரும். இத்தகைய முகவரியை வாசிக்கும் வெளியூரவர் திசையை மட்டுமே அறிவார். வீட்டை அறிந்தவர் தபாற்காரர் ஒருவரே. ஒரே அயலில் ஒரே பெயருடைய பலர் வாழும்போது, தகப்பன் பெயரின் முதலெழுத்தையோ, கடிதம் வந்த நாட்டையோ, கையெழுத்தையோ கொண்டு உரியவரை அவர் கண்டுபிடித்தார். காக்கிச் சீருடையுடன் சைக்கிளில் ஒழுங்கைக்குள் திரும்பி, பனையோலை வேலியின் படலையருகே மணியை அடித்து, நாய் குரைத்து முடியும்வரை காலூன்றி நின்று, வெளியே வரும் முகத்தைப் பார்த்த பின்னரே உறையைப் பையிலிருந்து எடுக்கும் தபாற்காரரின் வேலை, புதையல் வேட்டையில் இறுதிக் குறிப்பை அவிழ்ப்பவனின் வேலையே ஆகும்.

வீட்டுக்கு வந்த பழைய கடித உறை ஒன்றை எடுத்து, அதிலுள்ள முகவரியைக் குறிப்பாகக் கொண்டு நடப்பதே இத்தேடலின் மிகச் சிறந்த தொடக்கம் எனத் தயக்கமின்றிக் கூறலாம். வேம்படியில் வேம்பு நிற்கிறதா, புளியடியிற் புளி எஞ்சியிருக்கிறதா, மடம் இருந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்ற வினாக்களுக்குச் சிறுவர்கள் விடை எழுத வேண்டும். மரம் பட்டுப்போயினும் முகவரியில் அது நிற்கும். அதை அறிந்த முதியவரைத் தேடிக் கேட்டால்தான் மரம் நின்ற இடம் தெரியும். குறிப்பின் போக்கைச் சற்றே திருப்பிவிடும் இடங்களும் உண்டு. கடிதத்தில் ஒட்டும் தபால்தலையை யாழ்ப்பாணத்தார் முத்திரை என்றே வழங்குவதால், முத்திரையைத் தேடிப் போ என்ற குறிப்பைப் பெற்ற சிறுவர் நல்லூரிற் சங்கிலியன் சிலை நிற்கும் முத்திரைச் சந்திக்குச் செல்லக்கூடும். ஆனால் அப்பெயர் யாழ்ப்பாண அரசர் காலத்துச் சந்தையோடும் அங்கு பொருள்களுக்கு இட்ட அரச முத்திரையோடும் தொடர்புடையது என்பது மரபு. தவறான வழியிற் சென்றும் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொண்டு திரும்பும் வாய்ப்பை அக்குறிப்பு தருகிறது. நல்லூரை அடுத்துள்ள திருநெல்வேலியும் அத்தகையதே. தமிழகத்து மாவட்டம் ஒன்றின் பெயரையே தாங்கிய ஊராதலின், வெளிநாட்டிலிருந்து அங்கு கடிதம் எழுதுவோர் யாழ்ப்பாணம், இலங்கை என்ற இரு சொற்களையும் விடக்கூடாது. 1997இல் நாடளாவிய ஐந்திலக்கத் தபாற் குறியீடு அறிமுகமாகி யாழ்ப்பாணத்துக்கு 40000 என்ற எண் கிடைத்த பின்னரும், ஊர்ப்புற முகவரிகள் கோவிலடியைக் கைவிடவில்லை.

தேடலின் மிகப் பழைய தடம் நெடுந்தீவிற் கிடைக்கிறது. 1658இற் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அத்தீவுக்குத் தம் நாட்டு நகரமான டெல்ஃப்டின் பெயரை இட்டனர். அவர்கள் காலத்ததெனக் கூறப்படும் புறாக்கூடு ஒன்று, பவளப்பாறைக் கல்லாற் கட்டப்பட்டு, பறவைகள் தங்கும் பொந்துகள் வரிசை வரிசையாக அமைய, இன்றும் அங்கு காணப்படுகிறது. செய்தி கொண்டு செல்லும் புறாக்கள் அதில் வளர்க்கப்பட்டன என்பது தீவில் வழங்கும் மரபு. இவ்விடத்தில் நின்று சிறுவர்களிடம் கேட்கத் தக்க வினா ஒன்று உண்டு: இக்கூட்டிலுள்ள புறா செய்தியை எங்கே கொண்டு செல்லும்? யாழ்ப்பாணக் கோட்டைக்கு என்பதே பெரும்பாலோர் உடனே கூறும் விடையாக இருக்கும், அது பிழை. தபாற்புறா தான் வளர்ந்த கூட்டுக்குத் திரும்பும் இயல்பை மட்டுமே உடையது; அதை வேறிடத்துக்குக் கூடையிற் கொண்டுபோய் விட்டால் வீடு திரும்பும், ஏவிய இடத்துக்குப் போகாது. ஆகவே நெடுந்தீவுக் கூட்டின் புறா வெளியிலிருந்து நெடுந்தீவுக்குத்தான் செய்தி கொண்டுவர முடியும். நெடுந்தீவிலிருந்து கோட்டைக்குச் செய்தி செல்ல வேண்டுமாயின் கோட்டையில் வளர்ந்த புறாக்கள் முன்கூட்டியே தோணியிற் தீவுக்கு வந்திருத்தல் வேண்டும். இருவழித் தொடர்புக்கு இரு கூடுகளும், அவற்றிடையே பறவைகளை இடம் மாற்றும் படகும் தேவை. கோட்டைக்கும் தீவுக்கும் நேர்கோட்டில் 35 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் உண்டு. நல்ல காற்றில் ஒரு தபாற்புறா அதை ஒரு மணித்தியாலத்துக்குள் கடந்துவிடும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகிற் செல்லும் குடும்பம் கடலில் மட்டுமே ஏறக்குறைய அவ்வளவு நேரத்தைச் செலவிடுகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பறவைத் தபால் இலங்கையிற் பழங்கதையாக மட்டும் நிற்கவில்லை: காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்புக்கு விரைந்து பெறுவதற்காக சிலோன் ஒப்சேவர் பத்திரிகை 1850இற் புறாச் சேவையைத் தொடங்கி, இரு நகரங்களுக்கும் இடையே தந்திக்கம்பி வரும்வரை நடத்தியது.

பிரித்தானியர் காலத்துத் தபால் வரலாற்றைச் சுருங்கக் கூறிக் கடக்கலாம். லண்டனில் 1840 மே மாதம் உலகின் முதல் முத்திரை வெளியாகி, அனுப்புபவரே முன்கூட்டிக் கட்டணம் செலுத்தும் முறை நிலைபெற்ற பின், 1857 ஏப்ரல் 1ஆம் திகதி இலங்கையின் முதல் முத்திரையான ஆறு பென்ஸ் முத்திரை விக்ரோறியா மகாராணியின் தலையுருவோடு வெளிவந்தது. 1872இல் ரூபாயும் சதமும் வழக்குக்கு வந்தபோது முத்திரைகளின் பெறுமதியும் மாறியது. இத்தீவில் எஞ்சியிருக்கும் இரும்புத் தபாற்பெட்டிகளில் அரச இலச்சினை பொறித்தவை எங்கேனும் தென்படுமாயின், அதிலுள்ள எழுத்துகள் பெட்டியின் காலத்தைச் சொல்லும்: வி.ஆர். என்பது 1901 வரையிலான விக்ரோறியாவின் காலத்தையும், ஜி.ஆர். என்பது ஜோர்ஜ் மன்னர் ஒருவரின் காலத்தையும், ஈ.ஆர். என்ற எழுத்துகளுக்கிடையே ரோம இலக்கம் இரண்டு இருப்பின் 1952க்குப் பிந்திய எலிசபெத்தின் காலத்தையும் குறிக்கும்.

குடாநாட்டின் தபாலுக்குப் புகையிரதம் தந்த வேகம் அதிகம் பேசப்பட வேண்டியது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பாதை 1902இல் திறக்கப்பட்டு, 1905இற் கொழும்போடு முழுமையாக இணைந்தது; அதன்பின் மாலையிற் கொழும்பிற் சேர்த்த கடிதம் இரவுத் தபால் வண்டியில் ஏறி மறுநாளே யாழ்ப்பாணத்தை அடைய முடிந்தது. 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் இணைந்து இந்திய இலங்கைப் படகுத் தபால் சேவை தொடங்கவே, சென்னையிலிருந்து புறப்பட்ட கடிதமும் வார இதழும் தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் புகையிரதமேறி, மதவாச்சிச் சந்தியில் வடக்குப் பாதைக்கு மாறி யாழ்ப்பாணம் வந்தன. தேசப்படத்தில் இவ்வழியைச் சிறுவர்களை வரையச் செய்தால், பாக்கு நீரிணையின் அக்கரையிலிருந்து வரும் கடிதம் ஏன் தெற்கே இறங்கிப் பின் வடக்கே ஏறிற்று என்பது விளங்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது இவ்வழி முறிந்தது.

இவ்வண்டிகள் சுமந்து வந்தவற்றுட் குடாநாட்டின் வாழ்வை மிகவும் மாற்றியது காசுக்கட்டளை, அதாவது பேச்சுவழக்கில் மணியோடர் எனப்படும், ஒரு தபாற் கந்தோரிற் செலுத்திய பணத்தை மற்றொரு தபாற் கந்தோரிற் பெறுவதற்கான பத்திரம். மண்ணும் நீரும் குறைந்த குடாநாட்டிலிருந்து கொழும்பின் அரச அலுவலகங்களுக்கும், மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞர்களாகச் சென்றோர் மாதந்தோறும் அனுப்பிய பணத்தில் வீடு எழுந்தது, பிள்ளைகள் படித்தனர், சகோதரியின் சீதனம் சேர்ந்தது. யாழ்ப்பாணத்தின் பொருளாதாரத்தையே மணியோடர்ப் பொருளாதாரம் என ஆய்வாளர் பெயரிட்டனர். அப்பெயரில் ஏளனத் தொனி கேட்பதுண்டு, அது நியாயமன்று. படித்தவர் வெளியே உழைத்தனுப்பிய ஒவ்வொரு பத்திரத்தின் பின்னும் தனியாக வாழ்ந்த ஒருவரின் சிக்கனம் இருந்தது. தேடலில் இதற்கான குறிப்பை வீட்டுக்குள்ளேயே அமைக்கலாம்: குடும்பத்தில் யார் எந்த நாட்டிலிருந்து எந்த ஆண்டுகளிற் பணம் அனுப்பினார், அதில் எது கட்டப்பட்டது என்று பேரப்பிள்ளைகள் மூத்தோரைக் கேட்டு எழுதுவதே விடை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்கான புகையிரதம் நின்றது, தரைவழி அடைபட்டது. கடிதங்கள் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தன. கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடந்தோரின் பைகளிற் கைக்கடிதங்களாகச் சென்றன. 1989 முதல் இலங்கையிற் பணியாற்றிய செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு ஊடாகச் செஞ்சிலுவைச் செய்திகளாகவும் பரிமாறப்பட்டன. செஞ்சிலுவைச் செய்தி என்பது குடும்ப நலத்தை மட்டும் எழுதக்கூடிய, உறையிட்டு ஒட்டாமற் திறந்தபடியே கைமாறும் படிவமாகும். சுகமாக இருக்கிறோம் என்ற ஒரு வரிக்காகப் பெற்றோர் மாதக்கணக்கிற் காத்திருந்த அக்காலத்தை அறியாத பிள்ளைகளோடு இத்தேடலை நடத்தும்போது, யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தை ஒரு நிறுத்தமாக வைத்தல் பொருத்தமானது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி அங்கு வண்டி வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் காங்கேசன்துறைவரை பாதை நீண்டது.

டார்ட்மூரின் றப்பர் முத்திரைக்கு ஈடாகக் குடாநாட்டிற் பயன்படுத்தத் தக்கது தபாற் கந்தோரின் நாள் முத்திரையே ஆகும். ஒட்டிய முத்திரை மீண்டும் பயன்படாதவாறு அதன்மேற் பதிக்கப்படும் இவ்வட்ட முத்திரை, ஊரின் பெயரையும் திகதியையும் தாங்குவதால், ஓர் இடத்துக்குச் சென்றதற்கான சான்றாக இதைவிட நம்பத்தக்கது வேறில்லை. குடும்பம் செல்லும் ஒவ்வோர் ஊரின் தபாற் கந்தோரிலும் ஒரு தபாலட்டையை வாங்கி, அங்கு கண்ட விடையை அதில் எழுதி, தம் வீட்டு முகவரிக்கே அனுப்பிவிட வேண்டும். நாள் முத்திரைகள் பலவற்றில் ஊர்ப்பெயர் மும்மொழியிலும் இருப்பதால், ஊர்காவற்றுறைக்கும் பருத்தித்துறைக்கும் நெடுந்தீவுக்கும் ஆங்கில எழுத்தில் வேறு பெயர்கள் நிற்பதைச் சிறுவர்கள் தாமே கண்டறிவர். எந்த அட்டை முதலில் வந்து சேரும் என்று ஊகித்து எழுதி வைத்தலும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகலாம். தீவிலிருந்து வரும் அட்டை படகுக்காகக் காத்திருந்ததா என்பது திகதியிற் தெரிந்துவிடும். நெடுந்தீவுப் பயணத்துக்கு ஒரு நாள் முழுமையாக வேண்டும். நகரையும் நல்லூரையும் மற்றொரு நாளிற் பார்த்துவிடலாம். பருத்தித்துறை அமைந்துள்ள வடமராட்சிக்கு மூன்றாவது நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க முயன்றாற் பிள்ளைகள் களைத்துப்போவார்கள், பெரியவர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்திற் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரும் குடும்பங்கள் சில, பேரனார் பேர்த்தியார் வாழ்ந்த வீட்டைத் தேடுகையிற் கையிலிருக்கும் ஒரே ஆதாரம் பழைய எயார்மெயில் உறையாக இருப்பதுண்டு. அத்தகைய உறையோடு ஊரின் உப தபாலகத்துக்குச் செல்வதே முதற்படி. அங்கு கடமையாற்றுபவர்க்குத் தெரியாவிடினும், ஓய்வுபெற்ற தபாற்காரர் யார், எங்கு இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது பொதுச் சேகரிப்புகளில் ஈடுசெய்ய முடியாதவை அழிந்த மண்ணில், தனியார் வீடுகளின் அலுமாரிகளில் எஞ்சிய கடிதக் கட்டுகளுக்கு ஆவணப் பெறுமதி உண்டு. 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேகரித்துவரும் நூலகம் நிறுவனத்தின் பணியும் இந்த உணர்விலிருந்தே எழுந்தது.

உறைகளைக் கையாளும் முறை பற்றி ஒரு வேண்டுகோள் கட்டாயம் வேண்டும். முத்திரை சேகரிக்கும் பிள்ளைகள் உறையின் மூலையை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, முத்திரையை உரித்து ஆல்பத்தில் ஒட்டுவது வழக்கம். அவ்வாறு செய்யும்போது பாதி நாள் முத்திரை கிழிந்துவிடுகிறது, முகவரி குப்பைக்குப் போகிறது. உறையை முழுமையாக வைத்திருத்தல் வேண்டும், அதன் பின்புறத்தையும் படம் எடுத்தல் வேண்டும். பதிவுத் தபால்களின் பின்புறத்திற் கடிதம் கடந்துவந்த கந்தோர்களும் வந்தடைந்த கந்தோரும் தத்தம் நாள் முத்திரையைப் பதித்திருப்பது வழக்கம். முன்புறத் திகதிக்கும் பின்புறத் திகதிக்கும் இடையிலான நாள்களைப் பிள்ளைகள் எண்ணட்டும். 1960களின் உறை ஒன்றையும் 1990களின் உறை ஒன்றையும் அருகருகே வைத்து இக்கணக்கைச் செய்தால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது அருகிலிருக்கும் பெரியவர் விடை சொல்ல வேண்டும்.